மூலையை நிரப்பு!

ஏழு புள்ளிக் கோலம் போடத் தெரிந்த எவருக்கும் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லும் உரிமை கிடையாது!

தம்பி, தங்கையே! உன்னைத் தட்டிக்கொடுப்பதற்காக இதை நான் சொல்லவில்லை. நிரூபித்துக் காட்டப் போகிறேன். கட்டம் போட்ட நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்.

நடுவில் வரிசையாக ஏழு புள்ளி வை. அதற்கு மேலே ஐந்து, கீழே ஐந்து. இன்னும் மேலே மூன்று, கீழே மூன்று. உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று. ஏழில் தொடங்கி ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளி. மார்கழிக் காலையில் உன் அம்மாவோ அக்காவோ வாசலில் மளமளவென்று வைத்துவிடும் அதே புள்ளிகள்தான். எண்ணிப் பார், மொத்தம் 25.

இப்போது நோட்டைச் சாய்த்துப் பிடி. புள்ளிகள் சரிவான வரிசைகளில் நிற்பது தெரிகிறதா? நான்கு நான்காக நான்கு வரிசை. அந்த வரிசைகளுக்கு இடையில் மூன்று மூன்றாக மூன்று வரிசை. 16-ம் 9-ம் சேர்ந்து 25. ஒரே கோலத்துக்குள் இரண்டு சதுரங்கள் உட்கார்ந்திருக்கின்றன!

நடுவரிசையில் பதினைந்து புள்ளி வைத்தால்? எண்ணவே வேண்டாம். பெரிய சதுரம் 8-க்கு 8, சின்னது 7-க்கு 7. 64-ஐயும் 49-ஐயும் கூட்டு, 113. பெரிய சதுரத்தின் பக்கத்துக்குக் ‘க’ என்று பெயர் வை. மொத்தப் புள்ளிகள் க² + (க−1)². இதுவரை போட்ட, இனிமேல் போடப்போகிற இந்த வகைக் கோலங்கள் அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன.

நீ என்ன செய்தாய் என்று கவனித்தாயா? புள்ளிகளை எண்ணினாய், அது எண்கணிதம். சாய்த்துப் பார்த்துச் சதுரங்களைக் கண்டாய், அது வடிவியல். எல்லாக் கோலத்துக்கும் சேர்த்து ஓர் எழுத்து வைத்தாய். அது இயற்கணிதம், நீ அஞ்சி நடுங்கும் அதே அல்ஜீப்ரா. மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டாய். இன்னுமா உனக்குக் கணக்கு வராது?

மூன்றாக வெட்டியது யார்?

கணிதம் தன்னை மூன்றாக வெட்டிக்கொள்ளவில்லை. பாடத்திட்டம் வசதிக்காக வெட்டியது. ஆரம்ப வகுப்புகளில் வாய்ப்பாடு. பிறகு ஒருநாள் கணக்கு நோட்டுக்குள் எக்ஸ் வந்து நிற்கிறது. இன்னொரு பக்கம் ஜியோமெட்ரி பாக்ஸ், கவராயம், பாகைமானி. முதல் பாடத்துக்கும் இரண்டாவதற்கும் உறவு என்ன, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உறவு என்ன என்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

விளைவு என்ன? ‘கூட்டல் கழித்தல் ஓகே, அல்ஜீப்ரா மண்டையில் ஏறாது’ என்கிறான் ஒருவன். ‘படம் போட்டால் புரிகிறது, எக்ஸ் வந்தால் கை நடுங்குகிறது’ என்கிறாள் ஒருத்தி. ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டும் தனக்கு விதிக்கப்படவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பதினான்கு வயதில் எடுத்த அந்த முடிவை நாற்பது வயதிலும் சுமக்கிறார்கள்.

நான் சொல்கிறேன், அது முடிவே இல்லை. உனக்குக் கணக்கு வராமல் போகவில்லை. உனக்குச் சொல்லித்தந்த வழியில் மட்டும்தான் வரவில்லை. எண்ணில் புரியாததைப் படத்தில் கேள். படத்தில் சிக்கியதை எழுத்தில் கேள். எழுத்தில் மிரண்டால் எண்ணைப் போட்டுப் பார். மூன்றில் ஒன்று உன் கையில் இருந்தால் போதும், மற்ற இரண்டும் உனக்குச் சொந்தம்! வெறும் ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சில்லை இது. இரண்டாயிரம் ஆண்டுக் கணித வரலாறே இதற்குச் சாட்சி.

காணாமல் போன இரண்டு பட்டைகள்

‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்’ என்றதும் ‘ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்’ என்று எழுதிச் சிவப்பு மையால் அடி வாங்காத மாணவர் உண்டா? ‘டூ ஏபி எங்கே?’ என்று ஆசிரியர் கேட்பார். உடனே சூத்திரத்தை ஐம்பது முறை எழுதச் சொல்வார். ஐம்பது முறை எழுதிய பிறகும், அந்த டூ ஏபி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தெரியாதது அடுத்த பரீட்சையில் மறுபடி மறந்துபோகும்.

படத்தைக் கூப்பிடு. 10 கட்டத்துக்கு 10 கட்டம் ஒரு சதுரம் வரை. வலப்பக்கம் 3, கீழ்ப்பக்கம் 3 கூட்டி, அதை 13-க்கு 13 சதுரமாக வளர்த்துவிடு. புதிதாகச் சேர்ந்தது ‘ட’ வடிவப் பட்டை. அதில் என்ன இருக்கிறது? வலப்பக்கம் 10-க்கு 3 பட்டை ஒன்று, 30 கட்டம். கீழே இன்னொன்று, அதுவும் 30. மூலையில் 3-க்கு 3 குட்டிச் சதுரம், 9. எல்லாம் சேர்த்து 100 + 30 + 30 + 9 = 169. அந்த இரண்டு 30-ம்தான் நீ மறந்த டூ ஏபி! நூறையும் ஒன்பதையும் மட்டும் கூட்டி 109 என்று எழுதுகிறவன் இரண்டு பட்டைகளை வெட்டி வெளியே எறிந்துவிடுகிறான்.

ஒருமுறை வரைந்தவன் வாழ்நாளில் அவற்றை மறக்க மாட்டான். கிரேக்க மேதை யூக்ளிட் தம் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் இதே உண்மையை வெட்டிய கோடு, சதுரம், செவ்வகம் என்று படமாகவே நிறுவினார். அவர் காலத்தில் எக்ஸும் இல்லை, ஏபியும் இல்லை. நீ குருட்டு மனப்பாடம் செய்யும் சூத்திரம் அன்றைக்குக் கண்ணால் பார்க்கும் பொருளாக இருந்தது. உனக்கும் கண் இருக்கிறது!

பாக்தாத்தில் ஒரு மூலை

ஏறக்குறைய கி.பி. 820. பாக்தாத் நகரம். கலீஃபா அல்-மாமூனின் ஆட்சி. அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் ஒரு கணக்கைக் கேட்கிறார்: ஒரு சதுரமும், அதன் பக்கத்தைப் போல் பத்து மடங்கும் சேர்ந்து 39 ஆகிறது. பக்கம் எவ்வளவு? இன்றைய பத்தாம் வகுப்புப் பாஷையில், எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் பத்து எக்ஸ் சமம் 39. அவரிடம் எக்ஸ் கிடையாது. சமக்குறி கிடையாது, அது இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்ட் எழுதிய புத்தகத்தில் 1557-இல்தான் பிறந்தது. முழுக் கணக்கையும் சொற்களில் எழுதினார். விடை சரிதான் என்று காட்டப் படம் வரைந்தார்.

நீயும் வரை. பக்கம் தெரியாத ஒரு சதுரம். பத்து மடங்கை இரண்டாகப் பிரி. 5 அகலமுள்ள இரண்டு பட்டைகள். ஒன்றை வலப்பக்கம் ஒட்டு, மற்றதைக் கீழே ஒட்டு. சதுரமும் இரண்டு பட்டைகளும் சேர்ந்து 39. இப்போது உருவத்தைப் பார். கிட்டத்தட்ட ஒரு பெரிய சதுரம். ஒரே ஒரு மூலை மட்டும் காலி. அந்த மூலையின் அளவு 5-க்கு 5, அதாவது 25. அதை நிரப்பு! 39 + 25 = 64. பெரிய சதுரம் முழுமையாகிவிட்டது. அதன் பக்கம் 8. அதில் பட்டையின் அகலம் 5-ஐக் கழி. விடை 3. சரிபார்: 9 + 30 = 39.

பத்தாம் வகுப்புப் புத்தகம் இதற்கு ‘வர்க்கப் பூர்த்தி முறை’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. ‘மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பை டூ ஏ’ என்று நீ மந்திரம் போல் ஒப்பிக்கிறாயே, அந்தப் பயங்கரமான சூத்திரம் முழுவதும் இந்த ஒரு மூலையை நிரப்பும் வேலைதான்.

இங்கே எழுத்தின் பெருமையையும் பார்த்துவிடு. இந்தச் சமன்பாட்டுக்கு −13 என்று இன்னொரு விடையும் உண்டு. 169-இல் 130 போனால் 39, சரியாக வரும். அல்-குவாரிஸ்மி அதைக் கொடுக்கவில்லை. மைனஸ் 13 நீளமுள்ள பக்கத்தை எவரால் வரைய முடியும்? படம் நின்ற இடத்தைத் தாண்டி எழுத்து நடந்தது. எழுத்து புரியாத இடத்தில் படம் கைகொடுத்தது. ஒன்றை ஒன்று தூக்கிவிடும் மூன்று சகோதரிகளைப் பிரித்துவைத்து, ஒருத்தியோடு மட்டும் பேசினால் கணக்கு எப்படி வரும்?

உனக்கும் இதையே சொல்வேன். இத்தனை வருடம் பள்ளியில் படித்ததெல்லாம் உன்னிடம் இருக்கிறது. நீ வெற்று ஆள் இல்லை. 39 ஏற்கனவே உன் கையில். காலியாக இருப்பது ஒரு மூலை. அந்த மூலையைப் பார்த்து ‘நான் முழுக்கக் காலி’ என்று ஏன் புலம்புகிறாய்?

மைனஸ் இன்டு மைனஸ்

‘மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ். ஏன் சார்?’ என்று கேட்டு, ‘அது அப்படித்தான்’ என்ற பதிலோடு உட்கார்ந்த லட்சக்கணக்கான பிள்ளைகளில் நீயும் ஒருவரா? அந்தக் கேள்வி அருமையான கேள்வி. பதில் கிடைக்காததற்காக நீ தலைகுனிய வேண்டியதில்லை. இதோ பதில்.

8 × 7 எவ்வளவு? 56. இதை 10-இல் இரண்டு குறைவு, 10-இல் மூன்று குறைவு என்று எழுது: (10 − 2) × (10 − 3). நோட்டில் 10-க்கு 10 சதுரம், 100 கட்டம். மேலிருந்து இரண்டு வரிசையைப் பென்சிலால் கோடிட்டு அடி. 20 கட்டம் போயிற்று. இடப்பக்கமிருந்து மூன்று நெடுவரிசையைக் கோடிட்டு அடி. 30 கட்டம் போயிற்று. 100-இல் 50 போனால் மீதி 50 என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அடிக்காத கட்டங்களை எண்ணினால் 56 இருக்கின்றன. ஆறு எங்கே தவறியது?

மேல் மூலையைப் பார். அங்கே 2-க்கு 3, ஆறு கட்டங்கள் மேல் இரண்டு முறை கோடு விழுந்திருக்கிறது. இருந்தது ஒருமுறை, கழித்தது இரண்டு முறை. அதிகமாகக் கழித்த அந்த ஆறைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். 100 − 20 − 30 + 6 = 56. அந்த +6 என்ன? மைனஸ் 2-ஐயும் மைனஸ் 3-ஐயும் பெருக்கிய பலன்! மைனஸும் மைனஸும் பிளஸ் ஆகாவிட்டால் எட்டேழு ஐம்பத்தாறு என்ற வாய்ப்பாடே பொய்யாகிவிடும். பயமுறுத்திய விதி, உன் கண்ணெதிரே நியாயமாகிவிட்டது.

இரண்டாயிரம் ஆண்டுப் பூட்டை உடைத்த இளைஞன்

ஒன்றில் சிக்கியதை இன்னொன்றில் கேட்கும் இந்த வழி சின்னக் கணக்குக்கு மட்டும்தான் பயன்படும் என்று நினைக்காதே. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு முக்கோணம், சதுரம், ஐங்கோணம், பதினைந்து பக்க உருவம் ஆகியவற்றை ஒழுங்காக, அதாவது பக்கங்களும் கோணங்களும் சமமாக, வரைய யூக்ளிட் வழி சொன்னார். அவற்றின் பக்கங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் முடிந்தது. அதற்குமேல் புதிய உருவம் எதுவும் பிடிபடவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக வடிவியல் அங்கேயே நின்றது.

1796 மார்ச் 30. ஜெர்மனியின் காவுஸ் என்ற மாணவன், பத்தொன்பது வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் பாக்கி, ஒழுங்கான பதினேழு பக்க உருவத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தான். எப்படி? மேலும் மேலும் படம் வரைந்தா? கிடையாது! கவராயத்தைக் கீழே வைத்துவிட்டு 17 என்ற எண்ணைப் பார்த்தான். 17-இல் ஒன்று போனால் 16. 16 என்பது 2 × 2 × 2 × 2. கவராயத்தால் வர்க்கமூலம் எடுக்க முடியும், மறுபடி மறுபடி எடுக்க முடியும். நான்கு இரண்டுகள், நான்கு படிகள், பதினேழு பக்கம்! ஏழு பக்க உருவம் ஏன் பிடிபடவில்லை? ஏழில் ஒன்று போனால் 6, அதாவது 2 × 3. அந்த 3 வழிமறிக்கிறது.

படம் முட்டி நின்ற கதவை எண் திறந்தது. இந்தக் கண்டுபிடிப்பு 1801-இல் வந்த காவுஸின் ‘டிஸ்க்விசிஷனேஸ் அரித்மெட்டிக்கே’ என்ற நூலில் இடம்பெற்றது. முழுக்க முழுக்க எண்களைப் பற்றிய நூல் அது!

மெழுகுவர்த்தியைப் பிடுங்கினாலும்

அந்த நூலை வரிவரியாகப் படித்து, 1804-இல் காவுஸுக்குக் கடிதம் எழுதினார் பாரீஸிலிருந்து ஒருவர். கையெழுத்து: ‘லெ பிளாங்க்’. அது பொய்ப்பெயர். எழுதியவர் ஸோஃபி ஜெர்மேன் என்ற பெண்.

1776-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் தந்தையின் நூலகத்தில் கணிதத்தைக் கண்டெடுத்தார். பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று பெற்றோர் தடுத்தார்கள். இரவில் எழுந்து படிக்கிறாள் என்று கணப்பு நெருப்பை அணைத்தார்கள், மெழுகுவர்த்தியைப் பிடுங்கினார்கள், கம்பளி உடைகளை எடுத்து மறைத்தார்கள். அந்தப் பெண் ஒளித்துவைத்த மெழுகுவர்த்தியை ஏற்றி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மைக்கூட்டில் மை உறைந்த குளிரிலும் படித்தாள் என்று அவரது வரலாறு சொல்கிறது.

1794-இல் பாரீஸில் எகோல் பாலிடெக்னிக் தொடங்கியது. பெண்களுக்கு அனுமதி இல்லை. பாடக்குறிப்புகளை வாங்கிப் படித்து, லெ பிளாங்க் என்ற பெயரில் தம் கணக்குகளை அங்கே பாடம் நடத்திய கணித மேதை லக்ராஞ்சுக்கு அனுப்பினார். உண்மை தெரிந்ததும் லக்ராஞ்ச் அவரைத் தேடிப்போய்ப் பாராட்டினார். காவுஸுக்கும் பின்னாளில் உண்மை தெரிந்தது. 1807-இல் அவர் எழுதிய பதிலில், இத்தனை தடைகளைத் தாண்டி எண்களின் ஆழத்துக்குள் போன ஒரு பெண்ணின் துணிவை வாயாரப் புகழ்ந்தார். அதிரும் தகடுகளைப் பற்றிய ஆய்வுக்காகப் பாரீஸ் அறிவியல் கழகத்தின் பரிசுக்கு மூன்று முறை போட்டியிட்டார் ஸோஃபி. முதல் இரண்டு முறையும் பரிசு கிடைக்கவில்லை. மூன்றாவது முறை, 1816-இல், வென்றார்.

இயற்கணிதமும் வடிவியலும் சொல்வது ஒன்றையே, சொல்லும் விதம்தான் வேறு என்ற கருத்தை எழுதிவைத்தவர் இவர். வாசலை அடைத்தவர்கள் முன்னால் நின்று அழுதுகொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை. உனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது அந்த நேரம்?

இன்றிலிருந்து என்ன செய்யப் போகிறாய்?

முதலாவது, வரையாமல் எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யாதே. வரைய முடிந்தவற்றையெல்லாம் வரைந்துவிடு. மனப்பாடம் தானாக வரும்.

இரண்டாவது, எழுத்தைக் கண்டு மிரண்டால் உடனே எண்ணைப் போட்டுப் பார். 47 × 53 என்றதும் பேப்பர் தேடாதே. ஐம்பதில் மூன்று குறைவு, ஐம்பதில் மூன்று கூடுதல். 2500-இல் 9 போனால் 2491. ‘ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர்’ உன் விரல் நுனியில் வேலை செய்யும்.

மூன்றாவது, மார்க்குக்காகப் போடும் கிராஃபை மார்க்குக்காக மட்டும் போடாதே. வளைவரை எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறதோ அதுதான் சமன்பாட்டின் விடை. சமன்பாட்டைக் கோடாக்கவும் கோட்டைச் சமன்பாடாக்கவும் 1637-இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் திறந்துவிட்ட பெருவழி அது. அந்த வழியில் உன் கை நடக்கிறது. பெருமையோடு நட!

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! ‘நீ மேத்ஸுக்கு லாயக்கில்லை’ என்ற வார்த்தையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு வழியில் புரியாத பிள்ளைக்கு இன்னும் இரண்டு வழி பாக்கி இருக்கிறது. அந்த இரண்டையும் காட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இது உன் கணக்கு

கடைசியாக ஒரு சவால். கி.பி. 499-இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், ஆரியபட்டர் ஓர் உண்மையை எழுதிவைத்தார். 1-இன் கனம் 1, 2-இன் கனம் 8, 3-இன் கனம் 27. கூட்டினால் 36. அது 1, 2, 3-ஐக் கூட்டி வரும் 6-இன் வர்க்கம்! எத்தனை எண் வரை போனாலும் இது பொய்ப்பதில்லை. ஏன்?

ஒரு கட்டம் வரை. அதைச் சுற்றி 2 அகலத்தில் ‘ட’ வடிவப் பட்டை போடு. அதில் 8 கட்டம் இருக்கும். அதைச் சுற்றி 3 அகலத்தில் இன்னொன்று, 27 கட்டம். உருவம் இப்போது 6-க்கு 6 சதுரம். அடுத்தது 4 அகலம். மூலையில் 16, இரண்டு பக்கமும் 24, 24. கூட்டிப் பார், 64! ஒவ்வொரு பட்டையும் தன் அகலத்தின் கனமாகவே வந்து நிற்கிறது.

ஐந்தாவது பட்டையை நீ வரை. எண்ணிச் சரிபார். பிறகு அகலத்துக்குக் ‘க’ என்று பெயர் வைத்து, மூலை எவ்வளவு, இரண்டு பக்கப் பட்டைகளும் எவ்வளவு, மூன்றும் சேர்ந்தால் ஏன் க³ ஆகிறது என்று எழுத்தில் நிரூபி. முதல் தடவை வராவிட்டால் எண்ணுக்குத் திரும்பு. மறுபடி வரை. மறுபடி எழுது. வரும். வந்தே தீரும்!

முடித்ததும் அந்தப் பக்கத்தின் கீழே தேதி போட்டுக் கையெழுத்திடு. தன் கணக்கின் கீழே வேறொருவன் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் ஸோஃபிக்கு இருந்தது. உனக்கு அது இல்லை. உன் பெயரை எழுது, பெரிய எழுத்தில்!